போருக்குப் போகாதவரின் விடுமுறை

செய்யாத காரியத்துக்காக ஊர் ஒருவரைப் புகழ்ந்தால், அவர் அதை மறுத்தே ஆக வேண்டுமா? பொய் சொன்னவர் அவர் இல்லை. சொன்னவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அவர் செய்ததெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தது மட்டும். வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு செயலா, வெறும் சோம்பலா என்று யோசிக்க உட்கார்ந்தால் நமக்கு ஒரு சாயங்காலம் வீணாகும். கம்பளிக்கு அந்தக் கேள்வியோடு பாதி வாழ்நாள் போனது.

கம்பளி என்பது பட்டாளத்தில் விழுந்த பெயர். அவர் அங்கே ஸ்டோர்கீப்பர். கம்பளி, பூட்ஸ், கொசுவலை, தண்ணீர்க் குப்பி எல்லாம் அவர் பூட்டுக்குள் இருந்தன. போர்முனைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று கம்பளி வாங்கிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தவர்கள் ஒப்படைப்பார்கள். திரும்பி வராதவர்களின் கம்பளியும் யார் கையிலாவது திரும்பி வரும். அதையும் உதறி, மடித்து, அடுக்க வேண்டும். துப்பாக்கியைப் பயிற்சிக் காலத்தில் சுட்டதோடு சரி. எதிரி என்று அவர் பார்த்ததெல்லாம் கம்பளியை அரிக்கிற பூச்சிதான்.

அவருக்கு இடது கால் சற்று இழுக்கும். பூட்ஸ் அடுக்கிய இரும்பு அலமாரி சாய்ந்து பாதத்தின் மேல் விழுந்தது. அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்காமல் விட்டவர் அவரேதான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், "பட்டாளத்துல கால்ல அடி" என்று ஒரு மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எழுந்து நின்ற ஒரு பெரிய மனிதரிடம் அலமாரிக் கதையைச் சொல்லி உட்கார வைக்க எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். கம்பளி தலையைக் குனிந்துகொண்டார். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கால் வளர ஆரம்பித்தது. கல்யாணத்தில் அது துப்பாக்கிக் குண்டாக இருந்தது. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது கண்ணிவெடியாகியிருந்தது. தெருச் சங்கத்தின் கூட்டங்களில் முதல் வரிசை நாற்காலி, பள்ளியில் மாணவர்களுக்கு அறிவுரை சொல்ல அழைப்பு. அங்கேயும் அவர், "ஒழுங்கா இருங்க, பொருளைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்று ஸ்டோர்கீப்பர் பேச்சைத்தான் பேசிவிட்டு உட்காருவார். கைதட்டல் கூரையைத் தூக்கும். கைதட்டுகிறவர்களுக்கு என்ன சொன்னார் என்பது முக்கியமே இல்லை. தாங்கள் கைதட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

பட்டாளம் முடிந்த பிறகு ஒரு மருத்துவமனையின் துணிக் கிடங்கில் வேலை. சலவையிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரித்துப் பார்த்து, கிழிந்ததை ஒரு பக்கம், கறை போகாததை ஒரு பக்கம் போட்டு, நல்லதை முத்திரை வெளியே தெரிகிற மாதிரி மடித்து அடுக்குவார். பழைய விரிப்பைத் திருப்பித் தராத நர்ஸுக்குப் புதியது கிடையாது. "உங்க அப்பா வீட்டுச் சொத்தா அண்ணே?" என்று கேட்டுவிட்டு அவர்கள் போய்ப் பழசை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர் அசைய மாட்டார். அந்த அறையில் மட்டும் அவர் யாரோ அதுவாகவே இருந்தார்.

இன்னொரு இடமும் உண்டு. நாலு வயதுப் பேத்தியின் எதிரில். மகள் விமான நிலையத்தில் டிக்கெட் பிரிவில் இருந்தாள், மருமகன் அங்கேயே சரக்குப் பிரிவில். ஊரெல்லாம் விடுமுறையில் மிதக்கிற வருடக் கடைசியில்தான் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதனால் குழந்தை பிறந்ததிலிருந்து அந்த விடுமுறை வாரம் அவள் தாத்தா வீட்டில். அந்த ஒரு வாரத்துக்காகவே கம்பளி வருடம் முழுக்கத் தன் லீவைத் தொடாமல் காப்பாற்றுவார். அவள் கடை வைப்பாள், அவர் வாடிக்கையாளர். "உங்களுக்கு இல்ல, தீர்ந்து போச்சு, நாளைக்கு வாங்க" என்று விரட்டுவாள். தன் வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் தான் சொன்ன வார்த்தை தனக்கே திரும்பக் கிடைப்பதில் அவருக்கு ஒரு அலாதி சுகம். அவள் அவரை நொண்டித் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் காலைப் பற்றிப் பேசும்போது எழுந்து நிற்காத ஒரே ஜீவன் அவள்தான்.

இந்த வாரத்தின் மேல்தான் மச்சான் கை வைத்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் பணியாளர் நலன் பார்ப்பவன். பிறர் நலனைக் கவனிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு நாளடைவில் ஒரு வியாதி வரும்: எதிரில் இருப்பவர் நலமாக இருந்தால் தாங்க முடியாது. கம்பெனியில் அரை நாள் வகுப்பு ஒன்று நடந்தது. விடுமுறைக் காலத்தில் படைவீரர்களும் முன்னாள் வீரர்களும் பத்திரமாக இருக்க நாம் என்ன செய்யலாம் என்பது தலைப்பு. வகுப்பு எடுத்த அம்மாள் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு தாங்கள் பதுங்குகுழியில் இருப்பதாக நினைக்கச் சொன்னாளாம். மச்சான் அழுதுவிட்டானாம். குளிர்சாதன அறையில், பிஸ்கட்டுக்கும் டீக்கும் நடுவில் வந்த அந்த அழுகையை அவன் போகிற இடமெல்லாம் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தான். கையில் ஒரு துண்டுப் பிரசுரம் வேறு.

அதில் இருந்ததெல்லாம் தப்பு என்று சொல்ல முடியாது. பின்னால் இருந்து திடீரென்று தொடாதீர்கள், பெரிய சத்தங்களைக் குறையுங்கள், கூட்டத்துக்கு நடுவில் ஒதுங்க ஒரு இடம் கொடுங்கள், குடி அதிகமானால் கவனியுங்கள், விடுமுறையில் தனியாக விடாதீர்கள். எங்கோ யாரோ ஒருவருக்கு அது உயிரையே காப்பாற்றியிருக்கும். கோளாறு பிரசுரத்தில் இல்லை. அது வந்து சேர்ந்த வீடுதான் தப்பு.

விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மச்சான் வேலையை ஆரம்பித்தான். வாசலில் அடித்த மணியைக் கழற்றிவிட்டுக் குருவி கூவுகிற மாதிரி ஒன்றை மாட்டினான். வீட்டுக்குள் வந்தால் மூன்று முறை இருமிவிட்டு, "மாமா, நான் இடது பக்கமா வர்றேன்" என்று அறிவித்துவிட்டு வந்தான். கம்பளி பேப்பர் படித்துக்கொண்டே, "வா மாப்ள, வலது பக்கம் சுவருதான் இருக்கு" என்பார். சமையலறையில் இருந்த கத்திகளை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியபோது மட்டும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கத்தி இல்லாம நான் எதை வெச்சுடா நறுக்குறது, உன் நாக்கை வெச்சா?" என்றாள். கடைசியில் சாவி அவள் இடுப்பில் இருக்கலாம் என்று சமரசம் ஆனது. கம்பளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தார். அவருக்குச் சும்மா இருந்து பழக்கம்.

பிறகு ஒரு நாள் மகள் போன் செய்தாள். இந்தத் தடவை பாப்பாவை அவரோட அம்மா கேக்கிறாங்கப்பா என்றாள். குழந்தைக்குச் சளி வேறு என்றாள். ஒரு காரணம் போதும் என்கிற இடத்தில் இரண்டு காரணம் வந்தால் இரண்டும் பொய் என்று கிடங்கில் இருந்தவருக்குத் தெரியும். சரிம்மா என்று வைத்துவிட்டார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மகளுக்கும் மருமகனுக்கும் மச்சான் பிரசுரத்தை அனுப்பியிருக்கிறான். விடுமுறைக் காலம்தான் இவர்களுக்கு ஆபத்தான காலம், ஊரில் வெடிச் சத்தம் கேட்கும், பழைய ஞாபகம் வந்தால் எதிரில் இருப்பது குழந்தையா எதிரியா என்று தெரியாது, மாமா மேல் எனக்கு மரியாதை அதிகம், அதனால்தான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறான்.

கம்பளி குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்புறம் மனைவியிடம், தான் போருக்கே போனதில்லை என்று சொன்னார். இத்தனை வருடம் கழித்து, ஒரு கொலையை ஒப்புக்கொள்கிற குரலில்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எனக்குத் தெரியாதாக்கும். கல்யாணமான வருஷமே உங்க பழைய ஆபீசர் சம்சாரம் சொல்லிடுச்சு, அலமாரி விழுந்த கதையை."

"அப்போ ஏன் சும்மா இருந்தே?"

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

 அவளிடம் இன்னும் பேச்சு இருந்தது. தெருவில் அவளுக்கு என்று ஒரு மதிப்பு இருக்கிறது. சங்கத்தில் அவளைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. சம்பந்தி வீட்டில் சீர் செனத்தி எதுவும் கேட்காமல் மகளை எடுத்துக்கொண்டதே இந்தக் காலுக்காகத்தான். இப்போது போய் அலமாரி என்று சொன்னால் அவள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெளியே போவாள்? ஒரு வாரம்தானே, குழந்தை அங்கே இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த வருடம் இவனுக்கு வேறு ஏதாவது வகுப்பு எடுப்பார்கள், இதை மறந்துவிடுவான் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொய்யில் குடியிருப்பவர்களும் வீட்டை வெள்ளையடித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கம்பளிக்கு அந்த வாரம் வேண்டும். வேறு எதையும் அவர் அப்படி விரும்பிக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் மச்சானையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். போர் கிடையாது. குண்டு கிடையாது. பூட்ஸ் அலமாரி. அதையும் ஒழுங்காக முடுக்காதது தன் தப்பு. மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சான் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து, ஞாபகமாக முன்பக்கமாகவே வந்து, அவர் முழங்கால் அருகில் உட்கார்ந்தான். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் மாமா. இது இதுலயே போட்டிருக்கு" என்று பிரசுரத்தை விரித்தான். தாங்கள் பட்டதைப் பெரும்பாலும் சின்னதாக்கிப் பேசுவார்கள், நான் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள், வற்புறுத்தாதீர்கள் என்று உண்மையிலேயே போட்டிருந்தது. மருமகன் அதைப் படித்துவிட்டு மாமனாரைக் கும்பிடுகிற மாதிரிப் பார்த்தான். மகள் அழுதாள்.

ஒரு கருத்து தன்னை எதிர்க்கிற சாட்சியத்தையே தனக்குச் சாட்சியாக்கிக்கொள்ளத் தொடங்கிவிட்டால் அதோடு வாதாடுவது தண்ணீரைக் குத்துவதுதான். ஆமாம் என்றால் போருக்குப் போனவர், இல்லை என்றால் கட்டாயம் போனவர். கம்பளி இதை இத்தனை வார்த்தையில் யோசித்திருக்க மாட்டார். டேய், என்ன பண்ணினாலும் மாட்டிக்கிட்டோம் என்று நினைத்திருப்பார். அர்த்தம் ஒன்றுதான்.

அப்போதுதான் அவருக்கு டிரைவர் ஞாபகம் வந்தது.

டிரைவர் அவரோடு ஒரே முகாமில் இருந்தவர். பட்டாள லாரி ஓட்டியவர். போர் நடந்த இடத்துக்கு அரிசியும் குண்டும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையாகப் போகும். அந்த வரிசையில் இரண்டு வருடம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறார். டயர் கடைக்கு மேல் ஒரு அறையில் தனியாக வாசம். மனைவி எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டாள். வாயைத் திறந்தால் சிரிப்புதான். தெருவில் அவர் சிரிப்பைக் கேட்டே நேரம் சொல்லலாம். வேன் ஓடுகிற நாட்களில் ஒரு சொட்டுத் தொட மாட்டார். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி. பள்ளிக்கூடம் மூடினால் அறைக் கதவும் மூடும், பாட்டில் திறக்கும். போன வருடக் கடைசி விடுமுறையில் டயர் கடைக்காரர் சந்தேகப்பட்டுக் கதவை உடைத்து, கம்பளி வேலை பார்க்கிற மருத்துவமனைக்கே கொண்டுவந்து போட்டார். அந்தக் கட்டிலுக்கு விரிப்பு கொடுத்ததே கம்பளிதான். இன்னொரு தடவை இப்படி வந்தால் எங்கள் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். டிரைவர் கண்ணைத் திறந்ததும், சாப்பாடு ஒத்துக்கலடா என்றார். வேலைக்குச் சேர்ந்ததும் பழையபடி சிரிப்பு. கம்பளியும் ஆறுதலாக அதை மறந்துவிட்டார். சிரிக்கிற ஆளைப் பற்றி மறந்துபோவது எல்லாருக்கும் சௌகரியம்.

இப்போது அவர் நினைத்துக்கொண்டது சாட்சிக்காக. இன்னொரு பட்டாளத்துக்காரன், அதுவும் உண்மையிலேயே போய்வந்தவன் சொன்னால் நம்புவார்கள். அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு டிரைவரைக் கூப்பிட்டார். விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். டிரைவர் போனில் சிரித்த சிரிப்பில் காது அடைத்தது.

சாப்பாட்டு மேஜையில் டிரைவர் ராஜா. உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "இவனா? போருக்கா? நாங்க கிளம்பிப் போறப்போ இவன் கிடங்கைப் பூட்டிட்டு உள்ள தூங்குவான். திரும்பி வந்தா கம்பளியில ஏன் ஓட்டைன்னு கேப்பான். குண்டு துளைச்சதுடான்னா, அதை எழுதிக் கொடுன்னு நிப்பான்."

மகள் சிரித்தாள். பல வாரத்துக்கு அப்புறம் அப்பாவைப் பார்த்துப் பயமில்லாமல் சிரித்தாள். மருமகன் முகம்தான் கொஞ்சம் வாடியது. அலுவலகத்தில் அவன் சொல்லி வைத்திருந்த கதை ஒன்று அங்கேயே செத்தது. மனைவி தலையை நிமிர்த்தாமல் பரிமாறினாள். மச்சான் முதலில் தயங்கினான். ஆனால் எதிரில் அசல் போர்வீரர் ஒருவர், அதுவும் பேசுகிறவர், உட்கார்ந்திருக்கும்போது பூட்ஸ் அலமாரியை யார் மதிப்பார்கள்? கட்சி மாறிவிட்டான். மேலே சொல்லுங்க, மேலே சொல்லுங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

டிரைவர் சொன்னார். கண்ணிவெடி இருக்கிற பாதையில் முன்வண்டியின் சக்கரத் தடத்திலேயே பின்வண்டி போக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு சாண் விலகக் கூடாது. இன்றைக்கும் பள்ளிக்கூட வேனை அவர் அப்படித்தான் ஓட்டுகிறாராம். முன்னால் தடம் இருந்தால் அதில்தான். ரோட்டில் ஒரு காகிதம் கிடந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவாராம். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டாம், பின்னாலிருந்து காகிதம், காகிதம் என்று கத்துவார்களாம். எல்லாரும் சிரித்தார்கள்.

"முன்னாடி போன வண்டி எப்பவாவது அப்படி ஏறியிருக்கா அங்கிள்?" என்று மருமகன் கேட்டான்.

"ஏறியிருக்கே. அன்னைக்கு நான் ரெண்டாவது வண்டி. மறுநாள் காலையில என்னை முதல் வண்டியாக்கிட்டாங்க." தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பதவி உயர்வு" என்றார்.

மச்சான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்துபோய், டிரைவரின் பின்னால் நின்று, தோளில் கையைப் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான். சட்டைப் பையில் பிரசுரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு எங்கே போறீங்க சார் என்று கேட்டான். வண்டியை நிறுத்தும்போது என்னையும் சேர்த்து நிறுத்திடுவாங்க என்றார் டிரைவர். அதற்கும் சிரிப்பு.

கம்பளி அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளவில்லை. டிரைவரின் தட்டில் பரிமாறியது பரிமாறியபடியே இருந்ததை அப்போதுதான் பார்த்தார். தண்ணீர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக் குடித்திருந்தார். கம்பளிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மகள் கை கழுவப் போகும்போது அவர் காதருகே, "சாரிப்பா, பாப்பாவை இங்கயே விடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேண்டியது கிடைத்த அந்த நேரத்தில் கிடைத்த விதத்தையும் பார்க்க நேர்ந்தது அவர் துரதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனார். வழியில், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து இரு, பேத்தி வருகிறாள், பொழுது போகும் என்று சொல்லிப் பார்த்தார்.

"எதுக்கு? உன் மச்சான் தினம் ஒரு கதை கேக்கவா?" டிரைவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நான் நல்லாத்தான்டா இருக்கேன்."

பஸ் வந்து, படியில் கால் வைத்த பிறகு திரும்பினார். அப்போது சிரிப்பு இல்லை. "இனிமே சாப்பிடக் கூப்பிடு கம்பளி, வர்றேன். சாட்சி சொல்லக் கூப்பிடாத."

அதன் பிறகு கம்பளி இரண்டு மூன்று முறை போனில் பேசினார். ஒவ்வொரு முறையும் நல்லாத்தான் இருக்கேன் என்றே பதில். பள்ளிக்கூடம் மூடும் நாள் நெருங்க நெருங்க அந்தக் குரலில் உற்சாகம் கூடிக்கொண்டே போனது. மருத்துவமனையில் யாரிடமாவது சொல்லி வைக்கலாமா என்று யோசித்து, ஒரு டாக்டரிடம் கேட்கவும் கேட்டார். அவரே வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாலே பாதி வைத்தியம் என்றார் டாக்டர். வருகிற ஆளா அவர்? பக்கத்தில் ஆள் இருக்க விடுகிறவரா?

பள்ளிக்கூடம் மதியத்தோடு மூடியது. சாயங்காலம் மகள் குழந்தையையும் அவள் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கினாள். மருமகன் வெளியே வண்டியிலேயே இருந்தான். மச்சானும் வந்திருந்தான், டிரைவரோடு எடுத்த படத்தைக் கம்பெனிச் சுவரில் மாட்டியிருக்கிற செய்தியைச் சொல்ல. குழந்தை நேராகக் கூடத்து மூலைக்குப் போய்த் தன் கடைச் சாமான்களைப் பரப்ப ஆரம்பித்துவிட்டாள்.

கம்பளி உள்ளே இருந்து வந்தார். தோளில் பை. துண்டு, மாற்றுத்துணி, சவரப் பெட்டி எல்லாம் அடைத்து உப்பியிருந்தது.

எங்கே கிளம்பிட்டீங்க என்று மனைவி கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தார்.

"நீ சொன்னதுதான் சரி மாப்ள. எனக்கு இந்த விடுமுறைக் காலம் ஒத்துக்காது. குழந்தை பக்கத்துல நான் இருக்கிறது நல்லதில்ல."

மகளுக்குப் புரியவில்லை. டிரைவர் அங்கிள் சொன்னாரே, எல்லாம் அலமாரிதான், கிடங்கில் தூங்குவீங்கன்னு சொன்னாரே என்றாள்.

"கூட இருந்தவன்மா. எனக்காகச் சொன்னான்."

அவ்வளவுதான். இத்தனை வருடமாக மற்றவர்கள் சொன்ன பொய்க்கு மௌனமாக இருந்த மனிதர், வாயைத் திறந்து தானே சொன்ன முதல் பொய் அது. சத்தம் போடாமல், விரிப்பு கொடுக்கிற மாதிரி கொடுத்தார். மச்சான் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். தன் சந்தேகம் சரியாகப் போனவனின் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது; அதைத் துக்கம் மாதிரி காட்டத் தெரிந்தால் இன்னும் விசேஷம். மெல்ல வந்து, முன்பக்கமாகத்தான், அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் மாமா என்றான். மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அவரைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அது அவருக்காகவா, தெருவில் இருக்கிற மதிப்புக்காகவா என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

மகள் கூடத்து மூலைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வேகமாக இல்லை. ஆனால் தூக்கிக்கொண்டாள். குழந்தை, கடை இன்னும் மூடலை என்று கத்தியது. கம்பளி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.

டயர் கடைக்குப் பக்கத்துப் படி குறுகல். காலை இழுத்துக்கொண்டு ஏறினார். டிரைவர் கதவைத் திறந்தபோது மேஜை மேல் மூடி உடைக்காத பாட்டில்கள் வரிசையாக நின்றன. கம்பளி அதைப் பார்க்காதவர் மாதிரி உள்ளே நுழைந்து பையைக் கீழே வைத்தார்.

"வீட்ல இருக்க விடலடா. குழந்தையை எதாவது பண்ணிடுவேனாம். விடுமுறை முடியற வரைக்கும் இங்க படுத்துக்கறேன்."

"அன்னைக்கு அவ்வளவு சொன்னேனே."

"நம்பல."

டிரைவர் குனிந்து அந்தப் பையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பைவிட அது சின்னது. தன்னைக் காப்பாற்ற வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தெரிந்தவர்தான்; வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு வந்தவனை என்ன செய்ய முடியும்? கட்டிலில் கிடந்த துணிமணியை ஒரு பக்கம் தள்ளி இடம் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றார் கம்பளி. இரண்டு பேருக்கு உலை வைக்கப் பாத்திரம் தேடுகிற சத்தம் கேட்டது. பாட்டில்கள் அன்றைக்கே போய்விடவில்லை. ஒன்றைத் திறக்கவும் செய்தார். ஆனால் எதிரில் ஒருவன் உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரை ஏன் சரியாகக் கழுவவில்லை, துண்டை ஏன் இப்படிச் சுருட்டிப் போட்டிருக்கிறாய் என்று ஸ்டோர்கீப்பர் மாதிரி நச்சரித்துக்கொண்டே இருந்தால் குடிக்கிறவனுக்கு அதில் என்ன ருசி? அந்த விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது வேனை ஓட்ட டிரைவர் தானே படியிறங்கி வந்தார்.

இதை வீரம் என்று சொல்வது அவசரம். தன் லாபத்துக்காக ஒரு மனிதனைச் சாட்சிக்கு இழுத்து வந்து, அவன் மூடி வைத்திருந்ததைச் சாப்பாட்டு மேஜையில் திறக்க வைத்தவரும் இதே கம்பளிதான். செய்ததற்கு விலை கொடுத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். விலை கொஞ்சமில்லை. குழந்தையை அவரிடம் தனியாக விடுவது அன்றோடு நின்றது. பிரியம் குறையவில்லை, மரியாதை பலமடங்கு கூடியது. குழந்தை வந்தால் அம்மா பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். தெருச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மச்சான் அவரைப் பற்றிப் பேசியபோது அழாதவர்கள் இல்லை. அந்த அரங்கில் கம்பளியோடு வந்த டிரைவரும் இருந்தார், கடைசி வரிசையில். அவரைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. அவர் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மகள் மட்டும் வெகுநாள் கழித்து ஒருமுறை நேராகவே கேட்டாள். மருத்துவமனைக்கு வந்திருந்தாள், கிடங்கு வாசலில் நின்றபடி. அப்பா, உண்மையிலேயே நீங்க போருக்குப் போனீங்களா இல்லையா, எனக்கு மட்டுமாவது சொல்லுங்க என்றாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பியும் இருப்பாள்; கேட்ட விதத்திலேயே அது தெரிந்தது. அவர் கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தார். பாப்பா எப்படி இருக்கா என்று கேட்டார். அந்த வருடக் கடைசியிலும் பள்ளிக்கூடம் மூடிய அன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பையோடு டயர் கடைப் பக்கம் போனார்.